பயணிகள் வராத மாதங்கள்: சுற்றுலாவை நம்பிய நாடு எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

வெளிநாட்டுப் பயணிகள் வருவது திடீரென்று நின்றுபோனால் ஓட்டல்கள் மூடும், டிரைவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் வேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் பேச்சு போகும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. உள்நாட்டு மக்களையே சுற்றுலா போகச் சொன்னால் போதாதா? நாணய மதிப்பைக் குறைத்தால் கூட்டம் வராதா? அரசு பணம் அச்சடித்துச் சம்பளம் கொடுக்கலாமே? மூன்றுமே நியாயமான கேள்விகள்தாம். சில நாடுகளில் சில காலம் இவை பலித்தும் இருக்கின்றன. வேறு இடங்களில் இவையே நெருக்கடியை முற்ற வைத்தன. எங்கே பலிக்கும், எங்கே கெடுக்கும் என்று பிரித்துப் பார்க்க ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: பயணிகள் வராதபோது ஒரு நாடு இரண்டு விதமான பணத்தை இழக்கிறது.

இரண்டு பணம், இரண்டு இழப்பு

ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் வெளியே போய்ச் சம்பாதிக்கிறார். மற்றவர்கள் வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் வேலை செய்துகொள்கிறார்கள். அதற்குக் கணக்காகத் தங்களுக்குள் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொள்கிறார்கள். வெளியே சம்பாதித்தவருக்கு வேலை போய்விட்டால் என்ன ஆகும்? வீட்டுக்குள் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் எழுதலாம், உள்வேலைகள் நடக்கும். மளிகைக் கடைக்காரர் மட்டும் அந்தச் சீட்டை வாங்கமாட்டார்.

நாட்டின் சொந்த நாணயம் அந்தச் சீட்டு. எரிபொருள், மருந்து, கோதுமை, இயந்திர உதிரிபாகம் விற்கும் வெளியுலகம்தான் கடைக்காரர். அவர் கேட்பது டாலர், யூரோ போன்ற பிறநாட்டு நாணயம். இதைத்தான் அந்நியச் செலாவணி என்கிறோம். சட்டை தைத்துக் கப்பலில் அனுப்பினாலும் செலாவணி வரும். வெளிநாட்டவர் விமானத்தில் வந்து அறையெடுத்துத் தங்கினாலும் வரும். பொருளியல் கணக்கில் சுற்றுலாவும் ஒரு ஏற்றுமதிதான். சரக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது, வாங்குபவர் தேடி வருகிறார், அவ்வளவே.

ஆக, முதல் இழப்பு உள்நாட்டு வருமானம்: சம்பளம், கடை வியாபாரம், வரி. இதை அரசு தன் நாணயத்தில் ஓரளவு ஈடுகட்டலாம். இரண்டாவது இழப்பு டாலர். இதை அந்த நாட்டு அரசால் அச்சடிக்க முடியாது. பொதுவெளியில் நடக்கும் விவாதங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

வந்த டாலரில் எவ்வளவு தங்கியது?

ஒரு பயணி 100 டாலர் செலவழித்தால் 100-ம் நாட்டில் தங்குவதில்லை. அவர் குடித்த ஒயின், சாப்பிட்ட வெண்ணெய், அறையில் ஓடிய ஏசிக்கு மின்சாரம் தந்த டீசல், முன்பதிவுத் தளம் எடுத்த கமிஷன், வெளிநாட்டு உரிமையாளருக்குப் போன லாபம், வெளிநாட்டுத் தொழிலாளி ஊருக்கு அனுப்பிய சம்பளம் எல்லாம் வந்த வழியே வெளியேறுகின்றன. இதற்குக் கசிவு என்று பெயர். எதையும் விளைவிக்காத சிறிய தீவுகளில் கசிவு அதிகம். விவசாயமும் தொழிற்சாலையும் உள்ள பெரிய நாடுகளில் குறைவு.

நல்ல காலத்தில் கசிவைத் திட்டுவார்கள். கெட்ட காலத்தில் அதுவே ஒரு மெத்தை. பயணி வராவிட்டால் அவருக்கான ஒயினும் டீசலும்கூட இறக்குமதியாக வேண்டியதில்லை. 2020-இல் மாலத்தீவின் பொருளாதாரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது; அந்த ஆண்டு அதன் இறக்குமதிச் செலவும் பெரிய அளவில் விழுந்தது. 'சுற்றுலா வருமானம் இத்தனை கோடி போச்சு' என்ற தலைப்புச் செய்தி மொத்த இழப்பைத்தான் சொல்கிறது. பார்க்கவேண்டியது, கசிவைக் கழித்த பிறகு மிஞ்சும் நிகர இழப்பை.

ஒரு தீவின் மாதக் கணக்கு

இனி எண்களோடு பார்ப்போம். இவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள்.

ஒரு தீவு நாட்டுக்கு மாதம் சுற்றுலா வழியாக 8 கோடி டாலர் வருகிறது. மீன் ஏற்றுமதி, வெளிநாட்டில் வேலை செய்வோர் அனுப்பும் பணம் வழியாக 3 கோடி. வரவு 11 கோடி. இறக்குமதிக்கு 10 கோடி (அதில் பயணிகளுக்காக மட்டும் 3 கோடி), வெளிநாட்டுக் கடன் தவணைக்கு 1 கோடி போகிறது. செலவும் 11 கோடி. மத்திய வங்கியில் சேமிப்பாக 40 கோடி டாலர் இருக்கிறது. இந்தச் சேமிப்புக்குப் பெயர் கையிருப்பு.

பயணிகள் முழுதாக நின்றுவிடுகிறார்கள். வரவு 3 கோடி. பயணிகளுக்கான 3 கோடி இறக்குமதியும் நிற்பதால் செலவு 8 கோடி. மாதப் பற்றாக்குறை 5 கோடி. 40 கோடி கையிருப்பு 8 மாதம் தாங்கும்.

அரசு கார் போன்ற தள்ளிப்போடக்கூடிய இறக்குமதிகளை நிறுத்தி மாதம் ஒன்றரைக் கோடி மிச்சம் பிடிக்கிறது. பற்றாக்குறை மூன்றரைக் கோடி. தாங்கும் காலம் 11 மாதத்துக்கும் சற்று அதிகம். கடன் கொடுத்தவர்களிடம் பேசித் தவணையைத் தள்ளிவைத்தால் பற்றாக்குறை இரண்டரைக் கோடி, காலம் 16 மாதம். நட்பு நாட்டு மத்திய வங்கி ஒன்றிடமிருந்து 10 கோடி டாலர் கைமாற்றாகக் கிடைத்தால் 20 மாதம்.

இந்தக் கணக்கில் ஒரு பயணிகூடத் திரும்பி வரவில்லை. ஆனாலும் 8 மாதம் 20 மாதமாகிவிட்டது. தாக்குப்பிடித்தல் என்பது பெரும்பாலும் இப்படி டாலரில் காலத்தை வாங்கும் வேலைதான். புதிய தொழில்களைத் தொடங்குவது பற்றி அந்த நேரத்தில் மேடைகளில் நிறையப் பேசுவார்கள். ஆலை கட்டி, ஆள் பழக்கி, சந்தை பிடிக்க ஆண்டுகள் ஆகும். 8 மாதக் கையிருப்போடு அதைத் தொடங்குவது காலம் கடந்த யோசனை.

காலம் வாங்கிய உண்மையான வழிகளும் இவைதாம். மேலே சொன்ன கைமாற்றுக்கு நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் என்று பெயர்: ஒரு மத்திய வங்கி தன் நாணயத்தைக் கொடுத்து மற்றதிடம் டாலர் வாங்கி, குறித்த நாளில் வட்டியோடு திருப்பித் தரும். மாலத்தீவு இந்திய ரிசர்வ் வங்கியிடம் இந்த வசதியைப் பயன்படுத்தியது. சர்வதேச நாணய நிதியம் 2020 ஏப்ரலில் மாலத்தீவுக்குச் சுமார் 2.9 கோடி டாலரும், மே மாதம் செஷெல்ஸுக்குச் சுமார் 3.1 கோடி டாலரும் அவசரக் கடனாகக் கொடுத்தது. ஜி20 நாடுகள் 2020 மே முதல் 2021 இறுதிவரை ஏழை நாடுகளின் தவணைகளைத் தள்ளிவைக்கும் ஏற்பாட்டைச் செய்தன. நெதர்லாந்து முடியரசைச் சேர்ந்த கரீபியன் தீவான அருபாவுக்கு நெதர்லாந்து கடன் கொடுத்தது. நிபந்தனையாகப் பொதுத்துறை ஊழியர்களின் ஊதியத்தில் 12.5 சதவீதமும் அமைச்சர்களுக்கு 25 சதவீதமும் வெட்டச் சொன்னது.

இதுவரை சொன்னதன் சாரம்: உள்நாட்டு வருமானமும் டாலரும் வேறு வேறு. டாலரில் நிகர இழப்பைப் பார்க்க வேண்டும். கையிருப்பை மாதப் பற்றாக்குறையால் வகுத்தால் எத்தனை மாதம் என்பது தெரியும்.

நாணய மதிப்பைக் குறைத்தால் கூட்டம் வருமா?

நாணயம் மலிந்தால் வெளிநாட்டவருக்கு எல்லாம் மலிவாகத் தெரியும். ஆகவே அதிகம் பேர் வருவார்கள். தர்க்கம் சரி. வருவதற்கு வழி திறந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எகிப்தில் இது நடந்தது. 2015 அக்டோபரில் ரஷ்யப் பயணிகள் விமானம் சினாய் மேல் தகர்க்கப்பட்ட பிறகு பயணிகள் எண்ணிக்கை விழுந்தது. 2015-இல் சுமார் 93 லட்சம், 2016-இல் சுமார் 54 லட்சம். 2016 நவம்பரில் எகிப்து தன் பவுண்டைச் சந்தையின் போக்கில் விட்டது. டாலருக்கு 9-க்கும் கீழே இருந்தது சில வாரங்களில் ஏறத்தாழ இரட்டிப்பானது. 2017-இல் எண்ணிக்கை 80 லட்சத்தைத் தாண்டியது. பயம் தணிந்ததும் காரணம், மலிவும் காரணம். மற்ற நாடுகளின் கதவுகள் திறந்திருந்தபோது எகிப்து மட்டும் அடிபட்டிருந்தது. அப்போது விலை ஒரு கருவி.

2020-இல் நிலைமை அப்படியில்லை. 2019-இல் உலகம் முழுவதும் சுமார் 146 கோடியாக இருந்த சர்வதேசப் பயணங்கள் அந்த ஆண்டு சுமார் 40 கோடியாகச் சரிந்தன. விமானமே பறக்காதபோது அறையை இலவசமாகக் கொடுத்தாலும் வர ஆளில்லை. அப்படியானால் மதிப்பு குறைவது வீணா? இல்லை, அது வேறொரு வேலையைச் செய்கிறது. செஷெல்ஸ் ரூபாய் சந்தையின் போக்கில் மிதப்பது; 2020 தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 14, ஆண்டு இறுதிக்குள் 20-க்கும் மேல். இறக்குமதிப் பொருள் எல்லாம் விலை ஏறியது, மக்கள் குறைவாக வாங்கினார்கள், டாலர் தேவை தானாகக் குறைந்தது. 2021 மார்ச்சில் எல்லை திறந்து பயணிகள் வரத் தொடங்கியதும் ரூபாய் மீண்டு, ஆண்டு முடிவில் 15-க்கு அருகே வந்தது. மாலத்தீவு எதிர்வழியில் போனது: ருஃபியா டாலருக்கு ஏறத்தாழ 15.42 என்று பிடித்துவைக்கப்பட்டிருந்தது. விலைவாசி கட்டுக்குள் இருந்தது. பதிலுக்கு டாலர் ரேஷன் போலக் கிடைத்தது, வங்கிக்கு வெளியே அதிக விலைக்குக் கைமாறியது.

செஷெல்ஸில் வலியை எல்லோரும் கடை விலையில் உணர்ந்தார்கள். மாலத்தீவில் டாலர் தேவைப்பட்டவர் வரிசையில் நின்று உணர்ந்தார். எந்த வழியிலும் வலி இல்லாமல் போகவில்லை. யார் தலையில் விழுகிறது என்பதுதான் மாறியது.

இலங்கையில் எங்கே பிசகியது

இந்தப் பாடத்தில் தவறான வரிசைக்கு உதாரணம் இலங்கை. 2018-இல் 23 லட்சம் பயணிகள், 438 கோடி டாலர் வருமானம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு மே மாதம் வந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் குறைவு. முந்தைய ஆண்டு மே மாதம் 1.29 லட்சம். விலைக்குறைப்பும் பாதுகாப்பும் பலித்ததால் டிசம்பருக்குள் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பழைய நிலையை எட்டியது. ஒரு நாட்டுக்கு மட்டும் விழும் அடி இப்படித்தான் ஆறும். அடுத்து வந்ததோ எல்லோருக்கும் விழுந்த அடி: 2021-இல் பயணிகள் 2 லட்சத்துக்கும் குறைவு, வருமானம் சுமார் 51 கோடி டாலர்.

சுற்றுலா மட்டும் நாட்டைத் திவாலாக்கியது என்பது சரியில்லை. 2019 டிசம்பரில் அரசு மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்து உள்நாட்டு வருமானத்தைத் தானே வெட்டிக்கொண்டது. குறைந்த வருமானத்தை மத்திய வங்கி பணம் அச்சடித்து நிரப்பியது. முன் சொன்ன சீட்டுக் கதையின் ஆபத்து இங்கேதான்: அச்சடித்த ரூபாய் மக்கள் கையில் போய்ச் சேர்ந்ததும் அதில் ஒரு பகுதி இறக்குமதிப் பொருளைத் தேடிப் போகும், டாலரைக் கேட்கும். அதே நேரத்தில் தவணைகளைத் தள்ளிவைக்கப் பேசாமல், 2020 அக்டோபரிலும் 2021 ஜூலையிலும் தலா 100 கோடி டாலர், 2022 ஜனவரியில் 50 கோடி டாலர் எனக் கடன் பத்திரங்கள் அடைக்கப்பட்டன. 2019 முடிவில் சுமார் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பு 2021 முடிவில் சுமார் 310 கோடி. அதிலும் கணிசமான பகுதி உடனே செலவழிக்க முடியாத சீனப் பரிமாற்ற ஒப்பந்தப் பணம்.

பிடித்துவைத்த மாற்று விகிதம் இன்னொரு குழாயையும் அடைத்தது. அதிகாரப்பூர்வ விலை டாலருக்கு 200 ரூபாய் சுற்றில் நிற்க, வெளியே அதற்கு மேல் கிடைத்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் வங்கியை விட்டு, உண்டியல் எனப்படும் தனியார் கைமாற்று வழியாகப் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். வங்கி வழி வந்தது 2020-இல் சுமார் 710 கோடி டாலர், 2021-இல் சுமார் 550 கோடி. குடும்பங்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. டாலர்தான் நாட்டுக்குள் வரவில்லை. 2021-இல் கொண்டுவந்த இரசாயன உரத் தடை விளைச்சலைக் குறைத்தது. உர இறக்குமதியில் மிச்சமாகும் என்று நினைத்த டாலர் அரிசி இறக்குமதியில் போனது, டாலர் ஈட்டித் தரும் தேயிலையும் அடிபட்டது. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்க விடப்பட்டது, ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. தவணைப் பேச்சையும் ரூபாய் சரிக்கட்டலையும் கையிருப்பு நிறைந்திருந்த 2020-இலேயே தொடங்கியிருந்தால் பேரம் பேச ஒரு பலம் இருந்திருக்கும்.

மூடிய ஓட்டலுக்கும் செலவு உண்டு

டாலர் பக்கத்தை விட்டு உள்நாட்டுப் பக்கத்துக்கு வருவோம். ஓட்டலை மூடினால் செலவு நின்றுவிடும் என்று நினைப்பது சகஜம். நிற்காது. குழாயில் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற நோய்க்கிருமி வளரும். வாரம் ஒருமுறையாவது எல்லாக் குழாய்களையும் திறந்து ஓடவிட வேண்டும். ஈரப்பதமான இடத்தில் ஏசியை முழுதாக நிறுத்தினால் மெத்தையிலும் மர வேலைப்பாட்டிலும் பூஞ்சை பிடிக்கும். ஜெனரேட்டரை அவ்வப்போது சுமையோடு ஓட்ட வேண்டும். தீவு ரிசார்ட்டுகளில் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தின் சவ்வுகளைப் பாதுகாப்புக் கரைசலில் ஊறவைக்காவிட்டால் காய்ந்து வீணாகும். மாற்றுச் சவ்வு வாங்க மறுபடியும் டாலர். இவற்றுக்கு மேல் வங்கிக் கடன், காப்பீடு, நிலக் குத்தகை. இப்படி ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு நிலைச்செலவு.

உள்நாட்டுப் பயணிகள் இங்கேதான் உதவுகிறார்கள். ஒரு அறைக்கு நாளொன்றுக்கு நிலைச்செலவு 40, ஆள் தங்கினால் கூடுதலாகத் துணி, உணவு, சுத்தம் என்று 30 ஆகிறது என்று வைப்போம். வெளிநாட்டவர் 100 கொடுத்தார். உள்ளூர்க்காரர் 45தான் கொடுப்பார். 45-இல் 30 போக 15 மிச்சம். இழப்பு 40-லிருந்து 25 ஆகக் குறைகிறது. லாபமில்லை, ஆனால் ஊழியரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. தாய்லாந்து 2020 ஜூலையில் உள்நாட்டுப் பயணிகளின் அறை வாடகையில் 40 சதவீதத்தை, இரவுக்கு 3,000 பாட் வரை, அரசே ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2019-இல் ஏறத்தாழ 4 கோடி வெளிநாட்டவர் வந்த நாடு அது. 2021-இல் வந்தவர்கள் சுமார் 4.3 லட்சம். அந்தத் திட்டம் டாலர் கொண்டுவரவில்லை. தாய்லாந்துக்கு அந்தக் கவலையும் இல்லை: கார், மின்னணுப் பொருள் ஏற்றுமதி இருந்தது, கையிருப்பு 20,000 கோடி டாலருக்கு மேல். அரை மில்லியன் மக்களே உள்ள மாலத்தீவால் இதைச் செய்ய முடியாது. அறைகள் நிரம்ப ஆள் போதாது.

சம்பள உதவியில் சிக்கல் பெரும்பாலும் பட்டியலில்தான். ஓட்டல் ஊழியர் சம்பளப் பதிவேட்டில் இருக்கிறார், ஆகவே உதவி அவரை எட்டும். கடற்கரையில் மணிமாலை விற்பவர், நாள் வாடகைக்குப் படகோட்டுபவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஃபிஜியில் வேலையிழந்தோர் தங்கள் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. எடுக்க அதிகம் இல்லாதவர்களுக்கு அரசு சேர்த்துக் கொடுத்தது. விரைவாக நடந்தது. முதுமைக்கான பணம் நடுவயதிலேயே தீர்ந்தது என்பது அதன் விலை.

கடன் தவணை ஒத்திவைப்பும் இனாம் என்று பலர் நினைக்கிறார்கள். அசலோடு வட்டி சேர்ந்துகொண்டே போகும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 100 கடன், இரண்டு ஆண்டு எதுவும் கட்டாவிட்டால் 125.44 ஆகிவிடும். பயணிகள் திரும்பும் நாளில் ஓட்டல் முன்னைவிடக் கால் பங்கு அதிகக் கடனோடு திறக்கிறது.

சுருக்கமாக: உள்நாட்டுப் பயணம், சம்பள உதவி, தவணை ஒத்திவைப்பு மூன்றும் உள்நாட்டு வருமான இழப்புக்கான மருந்துகள். டாலர் இழப்புக்கு இவற்றால் பயனில்லை. அளவு மீறினால் டாலர் தேவையைக் கூட்டவும் செய்யும்.

மறுபடி திறக்கும்போது

மாலத்தீவு 2020 மார்ச் 27-இல் மூடி ஜூலை 15-இல் திறந்தது. ஒரு தீவு, ஒரு ரிசார்ட் என்ற பழைய அமைப்பு கைகொடுத்தது. வருபவர்கள் உள்ளூர் மக்களோடு கலக்காமல் தங்க முடிந்தது. சீனாவிலிருந்து வருகை நின்றிருந்த நேரத்தில் இந்தியப் பயணிகள் அந்த இடத்தை நிரப்பி முதலிடத்துக்கு வந்தார்கள். ஒரே நாட்டுப் பயணிகளை நம்பிய இடங்கள் இப்படி மாற நேரம் எடுத்தது. பார்படோஸ் வேறொரு வழி பார்த்தது: 2020 ஜூலையில், வெளிநாட்டவர் தங்கள் நாட்டு வேலையை இணையம் வழியே செய்துகொண்டு 12 மாதம் தங்கும் விசாவை 2,000 டாலர் கட்டணத்தில் கொடுத்தது. ஆள் எண்ணிக்கை சிறியது. ஒவ்வொருவரும் ஒரு வாரப் பயணியைவிடப் பல மடங்கு நாள் தங்கிச் செலவழிப்பவர்.

திறந்த பிறகும் தடங்கல்கள் வரும். விமான நிறுவனம் வழித்தடத்தை விட்டுப் போயிருக்கும். உறையவைக்காத மீனின் ஏற்றுமதிகூடப் பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில் போவதால், இருக்கை நிரம்பாவிட்டால் மீனுக்கும் வழியில்லை. பழகிய சமையல்காரரும் வரவேற்பாளரும் வேறு வேலைக்கோ வேறு நாட்டுக்கோ போயிருப்பார்கள். இவற்றுக்கு ஓரிரு ஆண்டு பிடிக்கும், பிறகு சரியாகும்.

டாலர் அவ்வளவு சுலபமாகச் சரியாவதில்லை. மாலத்தீவுக்கு 2024-இல் 20 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்தார்கள். 2019-இல் வந்தவர்களோ 17 லட்சம். ஆனாலும் அதே 2024 அக்டோபரில் அது இந்தியாவிடம் 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற வசதியை நாட வேண்டியிருந்தது. இடையில் வாங்கிய கடன்கள் ஒரு காரணம். அரசுச் செலவு இன்னொன்று. ரிசார்ட்டுகள் ஈட்டிய டாலரில் பெரும்பகுதி உள்ளூர் வங்கிக்கு வராமல் வெளிநாட்டுக் கணக்குகளிலேயே தங்கியது மூன்றாவது. அந்த மாதமே மத்திய வங்கி ரிசார்ட்டுகளுக்குப் புது விதி போட்டது: வரும் ஒவ்வொரு பயணிக்கும் 500 டாலரை உள்ளூர் வங்கியில் மாற்றியாக வேண்டும்.